பருவமறிந்து பேணும் செவிலியம்

வளர்ச்சி வேறு; மலர்ச்சி வேறு. உடல் அளவாற் பெருகுவது வளர்ச்சி. அதனைத் தராசும் அளவுநாடாவும் சொல்லும். உடலும் உள்ளமும் ஆற்றலாற் சிறப்பது மலர்ச்சி. அதனைப் பார்த்துப் பழகிய கண்ணே சொல்லும். 3 கிலோ எடையோடு பிறந்த குழவி ஐந்தாறு திங்களில் 6 கிலோவாகவும், ஓராண்டு நிறைகையில் 9 கிலோவாகவும் ஆவது வளர்ச்சி. அதே ஓராண்டுக்குள் அக்குழவி தலைநின்று, புரண்டு, அமர்ந்து, தவழ்ந்து, பிடித்து நின்று, முதலடி எடுத்து வைப்பது மலர்ச்சி. இவ்விரண்டும் பின்னிப் பிணைந்தே நடப்பினும், ஒன்றன் அளவை மற்றொன்றன் அளவாகக் கொள்ளுதல் தவறு. எடை குன்றாத பிள்ளை பேச்சிற் பிந்துவதும் உண்டு, எடை குன்றிய பிள்ளை மழலையில் முந்துவதும் உண்டு. இரு கணக்கும் சேர்ந்து காட்டும் நிலையே பருவம் எனப்படும்.

இம்மலர்ச்சி மூன்று நெறிகளைப் பின்பற்றி நடக்கிறது. தலையில் தொடங்கி அடிநோக்கி இறங்குவது தலைமுதல் அடி நெறி. அதனாலேயே கழுத்து நின்ற பின் இடுப்பும், இடுப்பு நின்ற பின் காலும் உறுதி பெறுகின்றன. உடலின் நடுவில் தொடங்கி நுனிநோக்கிப் பரவுவது நடுமுதல் நுனி நெறி. தோளை ஆளக் கற்ற குழவி பின்னரே விரலை ஆளக் கற்று, ஒன்பது பத்துத் திங்களில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கூட்டித் தரையிற் கிடக்கும் பொரியைக் கிள்ளி எடுக்கிறது. முழுமையில் தொடங்கிக் கூறுநோக்கிப் பிரிவது பொதுமுதல் சிறப்பு நெறி. முதலில் உடல் முழுதாலும் அழுகிறது, பின்னர் முகத்தால் அழுகிறது, இறுதியில் சொல்லால் அழக் கற்கிறது. விரைவு பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். வரிசை பெரும்பாலும் வேறுபடுவதில்லை.

அகவையை ஒட்டி ஆறு பருவங்கள் வகுக்கலாம். பிறந்த 28 நாள் வரை பச்சிளமை. ஓராண்டு வரை கைக்குழவிப் பருவம். மூன்றாண்டு வரை தளர்நடைப் பருவம். ஆறாண்டு வரை ஆடற்பருவம். பத்தாண்டு வரை பள்ளிப் பருவம். அதன்மேல் 19 வரை வளரிளம் பருவம். இவற்றுள் தளர்நடை என்பது பிள்ளையின் நடையைக் கூர்ந்து கண்ட யாரோ ஒருவர் தந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். அயல்மொழிப் பாடநூல் பல வரிகளில் விளக்குவதை அவ்வொரு சொல் விளக்கிவிடுகிறது.

மருத்துவமனையில் பிணியாளரைப் பேணுபவரைத் தமிழ் செவிலியர் என்கிறது. மும்பையில் நாம் யாவரும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறோம்; அழைப்பதில் குற்றமில்லை, ஆயினும் இழப்பு உண்டு. செவிலி பழைய அகப்பாடல்களில் வரும் வளர்ப்புத் தாய். தொல்காப்பியர் களவினும் கற்பினும் கூற்று நிகழ்த்துவோருள் ஒருத்தியாக வைத்தவள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் நெற்றி வாட்டமும் உணவு வேண்டாமையும் முதலிற் கண்ணிற் படுவது அவளுக்கே. கரணியம் என்னவென்று குறிசொல்லும் கட்டுவிச்சியைக் கேட்கச் செல்பவளும் அவளே. குறி கண்டு, கரணியம் தேடி, பருவமறிந்து ஒழுகிய அவள் பெயரையே இக்காலப் பணிக்குச் சூட்டியவர், செவிலியத்தின் வேர் குழந்தை வளர்ப்பில் உள்ளது என்பதை அறிந்தோ அறியாமலோ பதிவு செய்துவிட்டார்.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் ஒரு மழைக்காலக் காலைப்பொழுதில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து குடியேறியோரின் வழிவந்த இளந்தாய் ஒருத்தி, பத்துத் திங்கள் பிள்ளையைத் தோளிற் சாய்த்தபடி வந்தாள். “மூச்சு வாங்குது சிஸ்டர், ராத்திரியெல்லாம் உறங்கல” என்றாள். பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. செவிலியர் தொடவில்லை. “அப்படியே வச்சுக்கோம்மா, எழுப்பிராத. மொதல்ல எண்ணிக்கிடுதேன்” என்று சட்டையை மட்டும் மெல்ல விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு மணித்துளி, பிள்ளையின் வயிறு எழுந்து தாழ்வதை எண்ணினார். 54. உடனே மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார். நெஞ்சொலிக்குழல், வெப்பமானி எல்லாம் அதற்குப் பின்னரே வந்தன.

அந்த 54 என்ற எண்ணில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது. இரண்டு திங்களுக்கு உட்பட்ட குழவிக்கு மணித்துளிக்கு 60க்குக் குறைந்த மூச்சு இயல்பு. ஆகவே 54 கவலைக்குரிய எண் அன்று. இரண்டு முதல் பன்னிரண்டு திங்கள் வரை 50ஐத் தொட்டாலே அது விரைமூச்சு. இருமலோடு சேர்ந்தால் நுரையீரல் அழற்சி என ஐயுற வேண்டும். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை எல்லை 40. அப்பருவத்துப் பிள்ளைக்கு 54 எனின் நோய் முற்றிவருகிறதோ என அஞ்ச வேண்டும். எண் ஒன்று, பொருள் மூன்று. பொருளைத் தெரிவு செய்வது பருவம். எழுப்பிவிட்டு அழவிட்டு எண்ணியிருந்தால் அந்த ஓர் எண்ணும் கிடைத்திராது என்பதால், தொடாமல் நின்றதே அங்கே முதல் மருத்துவம்.

ஏனைய அளவுகளும் இவ்வாறே. பச்சிளங் குழவியின் நெஞ்சத்துடிப்பு மணித்துளிக்கு 120 முதல் 160 வரை. வளர்ந்தோர்க்கு அத்துடிப்பு இருப்பின் காய்ச்சலோ அச்சமோ இருக்கிறது என்று பொருள். பிறந்த குழவியின் உடலில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர். வளர்ந்தோர் உடலில் ஐந்தில் மூன்று பங்கு. எடையோடு ஒப்பிடத் தோற்பரப்பு மிகுதியாக இருப்பதால், குழவி வெப்பத்தையும் நீரையும் விரைந்து இழக்கிறது. ஆகவே வயிற்றுப்போக்கு வளர்ந்தோர்க்கு ஒருநாள் வேலையைக் கெடுக்கிறது, கைக்குழவிக்கோ ஒருநாளில் உயிரையே பறித்துவிடுகிறது. 1971இல் வங்காளத்து ஏதிலியர் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிசு பெருந்திரளுக்கு ஊட்டி நிறுவிக் காட்டிய உப்பினிப்புக் கரைசலும் பருவம் பார்த்தே அளக்கப்படுகிறது: ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் இரண்டாண்டுக்கு உட்பட்டோர்க்கு 50 முதல் 100 மில்லி, மேற்பட்டோர்க்கு 100 முதல் 200 மில்லி. குழவிக்குக் கரண்டியால் சிறுகச் சிறுக. நடக்கும் பிள்ளைக்குக் குவளையால்.

மருந்தளவில் வீட்டார் அறியாத இடர் ஒன்றுண்டு. காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் கைக்குழவிக்குத் துளிமருந்தாகவும், வளர்ந்த பிள்ளைக்குப் பாகுமருந்தாகவும் விற்கப்படுகிறது. துளிமருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். 5 மில்லிக்கு 125 எனக் குறித்த பாகுமருந்தில் ஒரு மில்லிக்கு 25 மட்டுமே. சிறிய பிள்ளைக்குரியது வலுக்குறைந்தது என்று எவரும் எண்ணுவர். உண்மை நேர்மாறானது, நான்கு மடங்கு. மூத்த பிள்ளைக்கு அளந்த கரண்டியால் இளைய பிள்ளையின் புட்டியிலிருந்து ஊற்றினால் என்னாகும் என்பதைத் தாய்க்குத் தமிழிற் சொல்லிக் காட்டுவதும் செவிலியமே.

இனி, நம் முன்னோர் இப்பருவங்களை எவ்வாறு கண்டனர் என்பதை நோக்குவோம். பிள்ளைத்தமிழ் எனும் சிற்றிலக்கிய வகை, ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொட்டு, பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களாகப் பாடுகிறது. பாட்டியல் நூல்களுக்குள் வேறுபாடு இருப்பினும் பரவலாகச் சொல்லப்படும் முறை இது: 3ஆம் திங்களிற் காப்பு, 5இல் செங்கீரை, 7இல் தால், 9இல் சப்பாணி, 11இல் முத்தம், 13இல் வருகை, 15இல் அம்புலி, பின்னர் ஆண்பாற்குரிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை 17, 19, 21இல். செங்கீரை என்பது கைகளை ஊன்றித் தலைநிமிர்த்து ஆடும் நிலை. இக்கால அளவைகளிலும் ஐந்தாந் திங்களை ஒட்டியே குழவி கையூன்றி நெஞ்சை உயர்த்துகிறது. தால் என்பது நா. ஏழாந் திங்களை ஒட்டியே ‘தத்தத்தா’, ‘மம்மம்மா’ என அசைகள் அடுக்கி வருகின்றன. சப்பாணி கைகொட்டல், ஒன்பது பத்தில் அது வருகிறது. வருகை, தளர்நடையிட்டு வருதல். உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவைகளின்படி துணையின்றி நடத்தல் ஏறத்தாழ எட்டாந் திங்கள் முதல் பதினேழரைத் திங்கள் வரை எப்போதும் நிகழலாம், நடுவெண் பன்னிரண்டு. அம்புலியோ இன்னும் நுண்ணியது: தான் காண்பதைப் பிறரும் காண வேண்டும் என்று விரல்நீட்டிக் காட்டுதல், பிள்ளையின் உள்ளம் பிறர் உள்ளத்தோடு கூடுவதற்கு முதற்சான்று. பதினைந்து பதினாறு திங்களிலும் பிள்ளை எதையும் சுட்டிக் காட்டவில்லையெனின் இக்கால மருத்துவர் கேள்வி கேட்கத் தொடங்குவர்.

பாவலர்கள் ஆய்வுக்கூடம் நடத்தினர் என்று சொல்ல வரவில்லை. ஒற்றைப்படைத் திங்களெல்லாம் மரபு வழிப்பட்ட கணக்கு, குழந்தை அதற்குக் கட்டுப்படாது. ஆயினும் வரிசை பிழையாகவில்லை. பிள்ளை வளர்த்த தாய்மாரைப் பார்த்துப் பாடியவர் பாட்டில் தலைமுதல் அடி நெறி தானே வந்து அமர்ந்தது. பேணலை ஒழுங்குபடுத்தத் தமிழில் சொல் இல்லை என்போர்க்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

பருவம் மாறினால் எண்ணின் பொருள் மாறுவதுபோலவே கையும் மாற வேண்டும். ஆறு திங்களுக்கு உட்பட்ட குழவி எவர் கையிலும் கிடக்கும். எட்டுத் திங்களை ஒட்டி அறியாதார் அச்சம் தோன்றுகிறது. நேற்றுவரை சிரித்த பிள்ளை இன்று வெள்ளாடை கண்டு வீரிடும். அது கெட்டுப்போகவில்லை, தாயையும் பிறரையும் வேறாக அறியும் அறிவு முளைத்திருக்கிறது. ஆகவே அப்பருவத்துப் பிள்ளையை மேசையிற் கிடத்தாமல் தாய்மடியில் வைத்தே ஆய்தல் வேண்டும்; மூச்சையும் நெஞ்சொலியையும் முதலிலும், அழவைக்கும் காதையும் தொண்டையையும் இறுதியிலும் பார்த்தல் வேண்டும். ஊசியைத் தொடையின் முன்புறப் பக்கத் தசையில் இடுவதும் பருவத்தின் ஆணையே. நடவாத குழவிக்குப் பிட்டத் தசை போதுமான அளவு திரண்டிராது, அங்கே நரம்பும் அருகில் ஓடுகிறது. ஊசியிட்ட கையோடு முலையூட்டச் சொன்னால் அழுகை விரைவில் அடங்கும்.

தளர்நடைப் பருவத்தில் பெருந்துன்பம் ஊசியன்று, பிரிவு. 1952இல் இங்கிலாந்தில் சேம்சு இராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் எட்டு நாள் தாயைப் பிரிந்து கிடந்த இரண்டாண்டுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அடம், பின்னர் சோர்வு, பின்னர் விலகல் எனப் பிரிவுத் துன்பத்திற்கு மூன்று படிகள் உண்டென்றும், மருத்துவமனை ‘அமைதியாகிவிட்டது’ என்று மகிழும் நிலையே மூன்றனுள்ளும் கொடியது என்றும் அவர் எடுத்துரைத்தார். அங்கே பெற்றோரைத் தங்கவிடுக என்று அரசுக்குழு 1959இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது.

தாராவிக்கு அருகில் நாம் சயான் மருத்துவமனை என்றழைக்கும் லோகமானிய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில், தாயை உள்ளே அழைத்தது வேறொரு தேவையால் நேர்ந்தது. அங்கே பச்சிளங் குழவிகள் பிரிவை நடத்திய மருத்துவர் அர்மிடா பெர்னாண்டசு, நோய்த்தொற்றால் மடியும் குழவிகளைக் கண்டு, புட்டிப்பாலை விலக்கித் தாய்ப்பாலை முன்னிறுத்தி, தாய்மாரையே பேணலிற் பங்குகொள்ளச் செய்தார். 1989 நவம்பர் 27இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வைப்பகம் அங்கே தோன்றியது. பாலூட்டும் தாய் தன் குழவிக்குப் போக மிகுந்ததைத் தருகிறாள், அதனை 62.5 பாகை வெப்பத்தில் 30 மணித்துளி வைத்து நுண்ணுயிர் நீக்கி, உறையவைத்து, குறைமாதக் குழவிகளுக்கு ஊட்டுகின்றனர். அம்மருத்துவரே 1999இல் தொடங்கிய சினேகா எனும் தொண்டமைப்பு, மருத்துவமனை வாயிலுக்கு அப்பால் தாராவிச் சந்துகளுக்குள்ளும் பணிபுரிகிறது. நற்றாய் செவிலித்தாயாகவும் ஆன இடம் சயான். பழைய அகப்பாடல் பிரித்து வைத்த இருவர் இங்கே ஒருவராயினர்.

அச்சந்துகளில் வழங்கும் இன்னொரு சொல் சவலை. இளைய பிள்ளை வயிற்றில் வந்துவிட, முலைப்பால் மறுக்கப்பட்டு மெலியும் மூத்த பிள்ளை சவலைப்பிள்ளை. தனிச்சொல் இழந்து குறைந்து நிற்கும் வெண்பாவையும் யாப்பிலக்கணம் சவலை வெண்பா என்றே சொல்கிறது. சிசிலி வில்லியம்சு எனும் மருத்துவப் பெண்மணி 1935இல் மேலை ஆப்பிரிக்காவின் கா மொழியிலிருந்து குவாசியோர்க்கர் என்ற சொல்லை எடுத்து மருத்துவ உலகுக்கு அளித்தார். அடுத்த பிள்ளை வருகையில் முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். ஆப்பிரிக்கத் தாயும் நெல்லைத் தாயும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பருவத்தின் ஒரே துன்பத்திற்குத் தனித்தனியே பெயரிட்டிருக்கின்றனர். அவர் சொல் உலகப் பாடநூலில் ஏறிற்று. நம் சொல் பாட்டிமார் வாயிலேயே நின்றுவிட்டது.

சவலையை அளக்கச் செவிலியர் கையில் இருப்பது ஒரு வண்ண நாடா. 6 முதல் 59 திங்கள் வரை மேற்கையின் நடுச்சுற்று 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறை. பருவந்தோறும் எல்லை மாறும் என்ற நெறிக்கு இது விலக்கு; ஓராண்டுக்கும் ஐந்தாண்டுக்கும் இடையில் நலமுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்று மிகச் சிறிதே மாறுவதால், ஒரு கோடே போதுமானதாயிற்று. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் முதற்களங்களுள் தாராவியும் ஒன்று. அதன் நடுவங்களை இங்கே இன்றும் மக்கள் பால்வாடி என்றே அழைக்கின்றனர்.

மூன்றாவது மாற வேண்டியது சொல். மூன்று முதல் ஆறு அகவை வரை பிள்ளை சொல்லை அப்படியே நம்பும். “குருதி எடுக்கப்போகிறேன்” என்றால் உடலில் உள்ளதெல்லாம் போய்விடும் என்று நடுங்கும். ஊசி குத்திய இடத்தில் சிறு ஒட்டுத்துணி ஒட்டினால் அடைபட்டுவிட்டது என்று ஆறுதல் கொள்ளும். தான் செய்த குறும்புக்கு ஒறுப்பாகவே நோய் வந்தது என்றும் எண்ணும். ஆகவே “இது உன்னால் வந்ததில்லை” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பருவம் அது. “ஊசி போடலாமா?” என்று கேட்கலாகாது, “வேண்டாம்” என்பதே அதற்குரிய விடை. “எந்தக் கையில் போடலாம்?” என்று கேட்டால் தெரிவு உண்மையானதாகும்.

பள்ளிப் பருவத்தார்க்கு விளக்கம் வேண்டும். படம் வரைந்து காட்டினால் தாமே கேள்வி கேட்பர். வலியைச் சொல்ல நம் மொழியில் குத்தல், எரிச்சல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், பிசைதல் என ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்து பேசும் தாராவிச் சிறுவனோ எல்லாவற்றுக்கும் ‘துக்தா ஐ’ என்கிறான். இச்சொற்களை எடுத்துக்கொடுத்து எதுவென்று கேட்கும் செவிலியர், நோயின் பாதியை அங்கேயே அறிந்துகொள்கிறார். வளரிளம் பருவத்தாருக்குத் தேவை ஒன்றே: தாயின்றிப் பேசப் பத்து மணித்துளி. ஓரறை வீட்டில் அறுவர் வாழும் பெண்ணுக்குத் திரையிட்ட மூலையொன்று கிடைக்கும் இடம் மருத்துவமனையாக மட்டுமே இருக்கக்கூடும்.

செம்பூர் அடுக்ககத்திலும் மாட்டுங்காப் பழைய கட்டடத்திலும் தாராவி அறையிலும் ஒன்றுபோலக் கேட்கும் ஒரு சொற்றொடரைச் சொல்லி முடிக்கிறேன். சோறுண்ணாத பிள்ளையிடம் நாம் யாவரும் சொல்வது: “சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்.” ஒருநாள் அப்பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அச்செவிலியரிடமே தூக்கிச் செல்வோம், அவர் கையை நீட்டுமுன் பிள்ளை வீரிடும், மூச்சை எண்ண இயலாது, அந்த 54 கிடைக்காமற் போகும். வீட்டில் ஐந்தாண்டுக்கு உட்பட்ட பிள்ளை உடையோர் இன்றிரவுச் சோற்றிலிருந்தே அச்சொற்றொடரை விட்டுவிடுங்கள்.